கியர் மாத்தேக்க கார் வெட்டுதா? உடன கிளச் பிளேட்டுக்குக் காசைக் கொட்டாதேங்கோ

மச்சான்ர கார் போன மாரிக்குப் பிறகு ஒரு பழக்கம் பிடிச்சுது, கியரை மாத்திக் கிளச்சை விடேக்க ஒரு குலுக்குக் குலுக்கும், பின் சீற்றில இருக்கிற பிள்ளையளின்ர தலை முன்னுக்குப் போய்த்தான் திரும்பி வரும். கராஜில ஒருக்கா ஓடிக்கூடப் பார்க்காமல் "கிளச் பிளேட் முடிஞ்சுது" எண்டுட்டினம். கியர்பொக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் எண்டு எல்லாம் புதுசாப் போட்டு, காசையும் எண்ணிக் குடுத்திட்டு யாழ்ப்பாணம் கேகேஎஸ் (காங்கேசன்துறை) றோட்டில ஏறினா அதே குலுக்கு. கடைசியில பார்த்தா எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்டிங் ஒண்டின்ர ரப்பர் பிய்ஞ்சு கிடக்கு. கழட்டின பழைய பிளேட்டில இன்னும் நல்ல தடிப்பு இருந்தது, அதைக் கையில வச்சுப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிஞ்சது.

நாங்கள் விடுற முதல் பிழையே "கார் வெட்டுது" எண்டு ஒரு சொல்லில சொல்லிப்போட்டு திறப்பைக் குடுத்திட்டு வாறதுதான். எப்ப வெட்டுது? நிண்ட இடத்தில இருந்து ஃபெஸ்ட் கியரில வெளிக்கிடேக்க நடுங்குதெண்டா கிளச், ஃபிளைவீல் (கிளச் பிளேட் அமத்திப் பிடிக்கிற எஞ்சின் பக்கத்துச் சக்கரம்), மவுண்டிங் பக்கம் பார்க்கோணும். கியர் விழேக்க கரகர எண்டு அரைச்சா அது வேற கதை. கியர் வடிவா விழுந்து, கிளச்சும் முழுக்க விட்டு, அக்சிலேட்டரை மிதிச்சுக்கொண்டு போகேக்க விட்டு விட்டு இழுத்தா அது கியரே இல்லை, பிளக், இக்னிஷன் கொயில், பெற்றோல் ஃபில்டர் பக்கம் போங்கோ. அக்சிலேட்டரை விட்டு மிதிக்கேக்க "டொக்" எண்டு ஒரு அடி கேட்டா வீல் பக்கம் போற ட்ரைவ் ஷாஃப்ற் ஜொயின்றையும் மவுண்டிங்கையும் பாருங்கோ, பின் வீல் இழுக்கிற வானெண்டா பின்னுக்குப் போற புரொப்பெல்லர் ஷாஃப்ற்றின்ர கிரோஸ் மூட்டையும் சேர்த்து. ரெண்டு நாள் ஓடி, எந்தக் கியரில, எஞ்சின் சூடாகினாப் பிறகோ காலமையோ எண்டு கவனிச்சு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போனாலே பாதி வேலை முடிஞ்சுது.

மவுண்டிங் பார்க்கிறது லேசு. சமதரையில விட்டு, ஹான்ட் பிரேக்கை நல்லா இழுத்து, ஓட்டத் தெரிஞ்ச ஒராள் பிரேக்கையும் மிதிச்சுக்கொண்டு ஃபெஸ்ட் கியரில கிளச்சைப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் மெதுவா விடோணும், பேந்து றிவேர்ஸிலயும் அப்பிடியே. நீங்கள் போனற்றைத் திறந்துபோட்டு பக்கத்தில நிண்டு பாருங்கோ (முன்னுக்கு நிக்கவே வேண்டாம், கார் பாஞ்சா தப்பேலாது). எஞ்சின் கொஞ்சம் அசையிறது வழமை, எழும்பி விழுந்தா மவுண்டிங் போட்டுது.

கியர் அரைச்சா உடன சிங்க்ரோ (கியர் விழ முதல் பல்லுச் சக்கரங்களின்ர வேகத்தை ஒண்டாக்கிற வளையம்) போட்டுது எண்டு முடிவு கட்டுறது அடுத்த பிழை. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கோ. நிப்பாட்டினா லேசா விழுந்து, ஸ்ராட்டில இருக்கேக்க இறுகினா கிளச் முழுக்க விடுபடேல்லை எண்டு அர்த்தம். கேபிள் கிளச்செண்டா கேபிள் இழுபட்டிருக்கும், இல்லாட்டி உள்ளுக்குத் துருப்பிடிச்சு இறுகியிருக்கும், பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம் ஒவ்வொருநாளும் போய் வாற ஆக்கள் இதை வடிவாப் பாருங்கோ, உப்புக்காத்து கேபிளை விடாது. ஹைட்ரோலிக் கிளச்செண்டா பிரேக் ஒயில் மட்டம், லைனில காத்து, கீழ்ச் சிலிண்டரில கசிவு எண்டு பாருங்கோ. அந்த ஒயில் டப்பாவுக்குள்ள அதின்ர மூடியில எழுதியிருக்கிற பிரேக் ஒயிலைத் தவிர வேற ஒயில் ஒரு துளியும் விடாதேங்கோ, ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும். ஒரு கியர் மட்டும், கூடுதலா செக்கன்ட், அரைச்சாத்தான் சிங்க்ரோவில சந்தேகப்படலாம். இன்னும் மொரிஸ் மைனர் வச்சிருக்கிற ஆக்கள் இருக்கிறியள் தானே, அந்தக் காருக்கு ஃபெஸ்ட் கியரில சிங்க்ரோவே இல்லை, உருண்டுகொண்டு போகேக்க ஃபெஸ்ட்டைப் போட்டா அரைக்கத்தான் செய்யும், அதுக்காக கியர்பொக்ஸைக் கழட்ட விடாதேங்கோ.

கியர் ஒயில் விஷயத்திலதான் எங்கட ஆக்கள் கனக்கப் பிழை விடுறது. "கியர் ஒயில் எண்டா எல்லாம் ஒண்டுதானே" எண்டு கடையில கிடைச்சதை விட்டுப்போட்டு பேந்து கியர் இறுகுது எண்டுவினம். ஜிஎல்-4 (ஒயில் டின்னில போட்டிருக்கிற தரக் குறி) கேட்கிற பொக்ஸுக்கு ஜிஎல்-5 விட்டா, அதில கூடப் போடுற கந்தகம் சேர்ந்த மருந்து சில ஒயிலில பித்தளைச் சிங்க்ரோ வளையத்தை அரிக்கும், அதோட மெத்த வழுக்கினா சிங்க்ரோ பிடிக்கவும் மாட்டுது. 75டபிள்யூ-90 எண்டு தடிப்பு மட்டும் பார்த்தாக் காணாது, காரோட வந்த புத்தகத்தைப் பாருங்கோ. கார்த்திகை வெள்ளத்துக்குள்ளால ஓடின காரெண்டா ஒயிலை ஒருக்கா இறக்கிப் பாருங்கோ, பால் தேத்தண்ணி நிறத்தில வந்தா உள்ளுக்குத் தண்ணி போட்டுது. மழையில நனைஞ்சு நிண்ட கார் விடிய முதல் ரெண்டு மூண்டு தரம் மட்டும் நடுங்கிப்போட்டு பேந்து சரியாகினா ஃபிளைவீலில படிஞ்ச மெல்லிய துருவாத்தான் இருக்கும், அது ஓட ஓடத் தேய்ஞ்சு போகும், பயப்பட வேண்டாம்.

உண்மையிலயே பிளேட் முடிஞ்சிருந்தா நாலாம் கியரில அக்சிலேட்டரை அமத்தேக்க எஞ்சின் இரையும், ஆர்பிஎம் ஏறும், ஸ்பீட் ஏறாது, சில நேரம் கருகின மணமும் வரும். அப்ப மாத்துங்கோ. ஆனா பொக்ஸ் இறக்கின அண்டைக்கு நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ. பழைய பிளேட்டில ஒயில் பட்டிருக்கா எண்டு பாருங்கோ, பட்டிருந்தா கிராங்க் ஷாஃப்ற்றின்ர பின்பக்கச் சீலோ கியர்பொக்ஸ் சீலோ கசியுது, அதை மாத்தாமல் புதுப் பிளேட் போட்டா அதுவும் நனைஞ்சு திரும்ப நடுங்கும். ஃபிளைவீல் முகத்தில நீலமாப் பொட்டுப் பொட்டா இருந்தா சூட்டில வெந்தது, அதை லேத்தில குடுத்து முகம் எடுக்கேலுமோ மாத்தோணுமோ எண்டு கேளுங்கோ.

இன்னொண்டு, கோபிக்காதேங்கோ, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தி நெருக்கடியில கிளச் பெடலில காலை வச்சுக்கொண்டே ஓடுறது, ஊர்ந்து போகேக்க மூண்டாம் கியரில இழுக்கிறது, இதுகளாலயும் கார் வெட்டும். காசு செலவழிக்க முதல் வேற ஆரையும் ஒருக்கா ஓடச் சொல்லி நீங்கள் பக்கத்துச் சீற்றில இருங்கோ, அவையின்ர கையில வெட்டாட்டி போனற்றைத் திறக்கத் தேவையில்லை.