இடுப்ப எவ்ளோ கீழ வைக்கணும்னு கேக்குற தம்பிங்களுக்கு

சிலாங்கூர்ல நம்ம ஊரு போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு புதுப் பேரு போட்டாலும் நமக்கு இன்னும் பழைய பத்தாங் பெர்ஜூந்தைதான். இங்க கடைவீதி மாடி ஜிம்முக்கு வர்ற பசங்க ஸ்னாட்ச் (பளுவ ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்குறது), கிளீன் (தோள் வரைக்கும் தூக்குறது) பழக ஆரம்பிச்ச மறுநாளே கேக்குறது, "அண்ணே, தரையிலேர்ந்து இழுக்க ஆரம்பிக்கும்போது இடுப்பு எவ்ளோ கீழ இருக்கணும்?" போன்ல எவனோ ஒரு சாம்பியன பாத்துட்டு அதே மாதிரி குந்திக்கிட்டு வேற நிப்பானுங்க. இடுப்பு உயரம் நாமளா முடிவு பண்றது இல்லடா, பாதம், பார் (தட்டு மாட்டுற இரும்புக் கம்பி), தோள் மூணும் சரியா நின்னா அது தானா ஒரு எடத்துல வந்து நிக்கும், தொடை எலும்பு நீளமா உள்ளவனுக்கு கொஞ்சம் மேல, குட்டையா உள்ளவனுக்கு கொஞ்சம் கீழ.

அதுக்கு முன்னாடி தட்ட பாருங்க. போட்டியில போடுற பெரிய தட்டு குறுக்களவு 450 மில்லிமீட்டர், அதாவது பாரோட நடு தரையிலேர்ந்து 22.5 சென்டிமீட்டர்ல இருக்கும். நம்ம ஜிம்முல கெடக்குற 10 கிலோ இரும்புத் தட்டு அதவிட சின்னது, பார் தாழ்ந்து கெடக்கும், நீங்க என்ன முக்குனாலும் முதுகு வளையத்தான் செய்யும், அப்புறம் "எனக்கு முதுகு சரியில்ல"ன்னு பொலம்புறது. ரெண்டு பக்கமும் தட்டுக்கு அடியில பலகை அடுக்கி, பாரோட நடு அந்த 22.5 சென்டிமீட்டருக்கு வந்துச்சான்னு டேப் வச்சி அளந்துக்குங்க. நான் பழைய லயத்து வீட்ட ஒடைச்சப்ப கெடச்ச பலகையத்தான் வச்சிருந்தேன். நீங்க தரையிலதான் நிக்கணும், பலகை மேல ஏறி நின்னா அளந்தது வீண்.

இப்ப இடுப்ப தேடலாம், ஆனா கீழேர்ந்து இல்ல, மேலேர்ந்து. லேசா தட்டு மாட்டுன பார எடுத்து நேரா நில்லுங்க, பாதம் இடுப்பு அகலம், கட்டைவிரல மத்த விரலுக்கு உள்ள மடக்கிப் பிடிங்க, ஸ்னாட்ச்சுன்னா கை நேரா தொங்கும்போது பார் இடுப்பு மடிப்புல படுற அளவுக்கு அகலம். அப்படியே இடுப்ப பின்னால தள்ளி, பார் தொடைய ஒட்டிக்கிட்டு முட்டிக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் எறக்குங்க, முட்டிக்குக் கீழ உள்ள கால் எலும்பு நேரா நிக்கும், தோள் பாருக்கு முன்னால இருக்கும். இனிமே முதுகு சாய்வ மாத்தாம முட்டிய மட்டும் மடக்கி தட்டு பலகையில படுற வரைக்கும் எறங்குங்க. பார் பாதத்தோட நடுவுக்கு மேல நிக்கணும். இப்ப இடுப்பு எங்க இருக்கோ அதான் உங்க உயரம். நெறைய பேருக்கு முட்டிக்கு மேலதான் வரும், கிளீன்ல பிடி குறுகலா இருக்குறதால ஸ்னாட்ச்ச விட இன்னும் கொஞ்சம் மேல.

ரொம்ப கீழ உக்காந்தா என்னாகும்னா, முட்டி பார முன்னால தள்ளும், தட்டு நகர்றதுக்குள்ள இடுப்பு மட்டும் துள்ளி மேல வரும், பார் முட்டிய சுத்திப் போயி முன்னால விழும், நீங்க அத தொரத்திக்கிட்டு குதிப்பீங்க. ரொம்ப மேல வச்சா கால் சும்மா நிக்கும், பாரமெல்லாம் முதுகுக்கு, நாள் பூரா செம்பனை குலைய லோரில ஏத்துற மாமாங்கள கேளுங்க அந்த வலி எப்படின்னு. வீணாப் போறது ஒரு கிலோதானேன்னு நெனைக்காதீங்க, 2022 பர்மிங்காம் காமன்வெல்த்துல நம்ம மலேசியாவோட அனிக் கஸ்டான் 55 கிலோ பிரிவுல ஸ்னாட்ச்சுல 107, கிளீன் அண்ட் ஜெர்க்குல (தோளுக்குத் தூக்கி அப்புறம் தலைக்கு மேல) 142 தூக்கி மொத்தம் 249 கிலோவுல தங்கம் எடுத்தாரு, ரெண்டாவது வந்த இந்தியாக்காரர் 248.

செக் பண்றதுக்கு கைப்பேசிய தண்ணி போத்தல்ல சாய்ச்சி பக்கவாட்டுல இடுப்பு உயரத்துல வச்சி வீடியோ எடுங்க. தட்டு தரைய விட்டு கெளம்புற அந்த நிமிஷத்துல வீடியோவ நிறுத்திப் பாருங்க, முன்னாடி எப்படி நின்னீங்கன்னு பாக்க வேணாம், ஏன்னா சில ஆளுங்க ஒரு தடவ இடுப்ப எறக்கி ஏத்திட்டுத்தான் இழுப்பாங்க, நம்ம பசங்க அந்த எறங்குன போட்டோவத்தான் காப்பி அடிக்கிறானுங்க. அங்கேர்ந்து பார் முட்டிக்கு வர்ற வரைக்கும் இடுப்பும் தோளும் சேந்தே ஏறணும். இன்னொன்னு, லேசான எடையில தட்டு ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூக்கி ரெண்டு செகண்ட் அசையாம நிறுத்துங்க. உடம்பு முன்னாலயோ பின்னாலயோ இழுத்துச்சுன்னா மறுபடி மேலேர்ந்து எறங்கிப் பாருங்க.

சப்பாத்து விஷயம், ஓடுற சப்பாத்து வேணாம், அடிப்பக்கம் மெத்துன்னு அமுங்கும். தட்டையான பள்ளிக்கூட சப்பாத்தே தேவல. பின்னால குதிகால் ஒசந்த லிஃப்டிங் சப்பாத்து வாங்குனீங்கன்னா முட்டி இன்னும் முன்னால போகும், இடுப்பு கொஞ்சம் எறங்கும், அதனால வாங்குன அன்னிக்கே திரும்ப ஒரு வீடியோ எடுத்துப் பாத்துக்குங்க.