சின்னத் துணிக்கடையின் ஆன்லைன் ஸ்டோரைப் புதுப்பிக்கிறீர்களா? பழைய லிங்க்கை உடைக்காமல் செய்யும் வழி

சின்னாளப்பட்டியில் சித்தப்பா வைத்திருக்கும் சுங்குடிச் சேலைக் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளிலும், அதில் கடை வைக்க உதவும் வூகாமர்ஸ் என்ற பிளக்இன்னிலும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) ஓடும் ஒரு தளம் உண்டு. போனில் திறந்தால் சேலையைவிட மெனுதான் பெரிதாகத் தெரியும். அதை மாற்றிக் கொடுத்தபோது பார்த்ததை வைத்து எழுதுகிறேன். ஹோஸ்டிங் வாங்குவது, வேர்ட்பிரஸ் நிறுவுவது எல்லாம் இங்கே கிடையாது, அதற்கு ஏகப்பட்ட வீடியோ இருக்கிறது.

1. பேக்கப், பிறகு ஒரு நகல் தளம்

பேக்கப் எடுக்க அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளக்இன் போதும். பேக்கப்பை ஹோஸ்டிங்கிலேயே விட்டுவைக்காமல் கூகுள் டிரைவுக்கும் அனுப்புங்கள். அப்புறம் ஒரு சப்டொமைனில் (உங்கள் தள முகவரிக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து வரும் தனி முகவரி) தளத்தின் நகலைப் போட்டு, செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போய் தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற டிக்கைப் போடுங்கள். பேமெண்ட் கேட்வேயை டெஸ்ட் மோடுக்கு மாற்றி, மெயில் போவதையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நகலில் நீங்கள் ஒரு ஆர்டரை சும்மா தட்டிப் பார்க்க, எங்கேயோ ஒரு வாடிக்கையாளருக்கு 'உங்கள் சேலை அனுப்பப்பட்டது' என்று மெயில் போகும்.

2. தீம்

என் கட்சி தெளிவானது: பேஜ் பில்டர், அதாவது பக்கத்தை இழுத்துப் போட்டு வடிவமைக்கும் பிளக்இன், வேண்டாம். அப்படிப்பட்ட எலிமென்டரில் முகப்பு அழகாக வரும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நானூறு சேலையை நெட் சரியாக வராத ஊரில் ஒரு சாதாரண போனில் ஸ்க்ரோல் செய்து பாருங்கள், புரியும். தீமுக்கு (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது) கேடன்ஸ் அல்லது வூகாமர்ஸின் சொந்த ஸ்டோர்ஃப்ரண்ட், இரண்டில் ஒன்று. நிறம், எழுத்து, மெனு எல்லாவற்றையும் நகலில் முடித்துவிட்டு செட்டிங்ஸை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து அசல் தளத்தில் ஏற்றுங்கள்.

மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நகலின் டேட்டாபேஸை அப்படியே அசலின் மேல் கொட்டினால், நீங்கள் டிசைன் செய்துகொண்டிருந்த நாட்களில் வந்த ஆர்டர்கள் அத்தனையும் போய்விடும். ஆர்டர் இருப்பதும் அதே டேட்டாபேஸில்தான். அதனால் தோற்றம் சம்பந்தப்பட்டதை நகலிலும், சரக்கு சம்பந்தப்பட்டதை நேராக அசலிலும் செய்யுங்கள்.

3. முகவரிகள் (இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது)

சித்தப்பா சரக்குப் பெயரைத் தமிழில்தான் போடுவார். 'மதுரை சுங்குடி காட்டன் சேலை நீலம்', 'மதுரை சுங்குடி காட்டன் சேலை அரக்கு' என்று. வேர்ட்பிரஸ் அந்தப் பெயரிலிருந்தே பக்கத்தின் முகவரியை, அதாவது ஸ்லக்கை, உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் நீலம், அரக்கு எதுவும் முகவரியில் இல்லை. எல்லாமே 'மதுரை-சுங்குடி-காட்டன்-ச' என்று முடிந்து, அடுத்தடுத்து 2, 3, 4 என்று எண் மட்டும் ஒட்டியிருந்தது. முதலில் ஏதோ பிளக்இன் கோளாறு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன்.

காரணம் இதுதான். ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200 எழுத்து. தமிழ் எழுத்து முகவரிக்குள் போகும்போது சதவீதக் குறிகளாக மாறும், ஒரு யூனிகோடு குறிக்கு 9 எழுத்து செலவாகும். 'சு' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ச என்றும் உகரக் குறி என்றும் இரண்டு, ஆக 18. புள்ளிக்கும் தனியாக 9. இந்தக் கணக்கில் 22 குறியோடு கதை முடிந்தது. 'மதுரை சுங்குடி காட்டன்' மட்டுமே 20 குறி, இடைவெளிகளையும் சேர்த்தால் 'சேலை'யின் ச வரைக்கும்தான் உள்ளே போக முடியும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் இதே முகவரி பாதித் திரைக்குச் சதவீதக் குறியாக நீளும், வாங்குபவர் ஏதோ வைரஸ் லிங்க் என்று தொடவே மாட்டார்.

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஸ்லக்கை மட்டும் ஆங்கில எழுத்தில், வகை, நிறம், கடையின் சரக்கு எண் என்ற வரிசையில் குட்டியாக மாற்றுங்கள். குவிக் எடிட்டில் ஒவ்வொன்றாக மாற்றுவது சலிப்பான வேலைதான். ஆனால் அப்படி மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கை ஞாபகம் வைத்துக்கொண்டு, பழைய லிங்க்கைத் தட்டுபவரைத் தானாகவே புதிய பக்கத்துக்கு அனுப்பிவிடும். சரக்கை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தாலோ, டேட்டாபேஸில் நேராகக் கை வைத்தாலோ இந்த வசதி கிடைக்காது.

கேட்டகரி பக்கங்களுக்கும் கிடைக்காது. அவற்றுக்கு ரீடைரக்‌ஷன் என்ற பிளக்இன்னைப் போட்டு, பழையது எது, புதியது எது என்று 301 ஆக, அதாவது நிரந்தர மாற்றமாக, கையால் எழுதுங்கள். 302 தற்காலிகம் என்று அர்த்தம், அது வேண்டாம். அந்த பிளக்இன்னில் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று வந்த முகவரிகளின் பதிவு ஒன்று இருக்கிறது. தளம் மாறிய முதல் வாரம் தினமும் அதைத் திறந்து பாருங்கள், விட்டுப்போன முகவரியெல்லாம் அங்கே வந்து நிற்கும். இந்த 301 வரிகளைக் குறைந்தது ஒரு வருஷம் எடுக்காமல் வைக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுக்கவே போவதில்லை.

4. படங்கள்

உடல், கரை, முந்தி, பிளவுஸ் பிட். ஒரு சேலைக்கு இந்த நான்கு படம் போதும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் போட்டால் அரக்கு சிவப்பாகிவிடும், பார்சல் திரும்பி வரும். படத்தைச் சுருக்கும் ஸ்குவூஷ் தளத்தில் 1200 பிக்சல் அகலத்துக்கு, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சுருக்கி ஏற்றுங்கள்.

5. செக்அவுட், ஸ்டாக்

ஒரே ஒரு சேலை இருக்கும் சரக்கு நிறைய என்றால், இன்வென்டரி செட்டிங்ஸில் ஹோல்ட் ஸ்டாக் என்பதைப் பாருங்கள். பணம் கட்டாமல் நிற்கும் ஆர்டருக்காக வூகாமர்ஸ் சரக்கை 60 நிமிடம் பிடித்து வைக்கும். யுபிஐயில் கட்டுபவர் அவ்வளவு நேரம் எடுக்க மாட்டார், நான் 15 ஆக்கினேன்.

ரீஃபண்ட் விதி, குறைதீர் அலுவலர் பெயர், தொடர்பு விவரம் ஆகியவை தளத்தில் தெரியும்படி இருக்க வேண்டும். 2020இன் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கேட்பவை இவை. சின்னக் கடையில் முதலாளியே அந்த அலுவலராகவும் இருந்துகொள்ளலாம்.

பின்சேர்க்கை: புதிய டிசைனில் கேஷ் ஆன் டெலிவரிக்கான கூடுதல் கட்டணம் காணாமல் போய்விட்டது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். செக்அவுட் பக்கத்தைப் புதிதாக உருவாக்கினீர்களா என்று பாருங்கள். 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3இலிருந்து புதுக் கடைகளுக்கு, எடிட்டரின் பிளாக்குகளால் ஆன பிளாக் செக்அவுட்தான் வருகிறது, பழைய பிளக்இன்கள் பல அதில் வேலை செய்யாது. எடிட்டரில் அந்த பிளாக்கைத் தொட்டால் கிளாசிக் செக்அவுட்டுக்கு மாறும் வழி பக்கத்திலேயே இருக்கும். மாற்றிவிட்டு, ஒரு ரூபாய்க்கு ஒரு டெஸ்ட் சரக்கை வைத்து, உங்கள் சொந்தப் போனிலிருந்து ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.