பூங்கா நடைதடத்துக்கு நிலம் கொடுத்தவர் பெயர் வைப்பது எப்படி?

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் ஊரில் நாலு ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் காடு) ஒன்று பூங்காவாக நிற்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், மழை பெய்தால் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல். நான்கு பக்கமும் மனை போட்டு விற்றாகிவிட்டது. இது மட்டும் தப்பியதற்குக் காரணம், ஒரு குடும்பம் அந்தக் காலத்திலேயே ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்ததுதான். அதற்குள் சுற்றி வரும் அரை கிலோமீட்டர் தடத்துக்கு அவர்கள் பெயரை வைக்கலாம் என்று 2024 ஜூனில் கிளம்பினோம். தீர்மானம் நிறைவேற 14 மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் என் தவறால் போனது. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால் அந்த ஆறு மாதமாவது மிச்சமாகட்டும்.

நம் பக்கத்தில் இது புது வழக்கமல்ல. பவானியில் பிரியும் வாய்க்காலை வெட்டியவர் பெயராலேயே காலிங்கராயன் என்கிறோம். எங்களுக்குப் பக்கத்திலேயே, சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது அந்தப் பெயரும் கூடவே ஏறியது.

1. இடம் யாருடையது?

இணையத்தில் அ-பதிவேட்டையும் (நிலம் யார் பெயரில் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள். ஊராட்சியின் பெயரில் இருந்தால் வேலை சுலபம். குளக்கரை என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை, காடு என்றால் வனத் துறை. அங்கே ஊராட்சி தீர்மானம் போட்டும் பயனில்லை, அந்தத் துறைக்குத்தான் எழுத வேண்டும்.

இங்கே என் கருத்து ஒன்று. லே-அவுட் போடுகிறவர் விடும் ரிசர்வ் சைட் கொடையல்ல. பெரிய மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்காக விட்டதற்கும் மனசாரக் கொடுத்ததற்கும் ஒரே மாதிரி பலகை வைத்தால், பின்னவருக்கு என்ன மரியாதை?

2. கொடுத்தவர் யார்? (நான் விழுந்த குழி)

இது தெரிந்த விஷயம்தானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் "பெரியதோட்டத்து அப்பாரு குடுத்ததுங்க" என்றார்கள். அப்பாரு என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா. பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அப்பாரு பெயரை வைத்துக்கொண்டு வில்லங்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கணினியில் ஏறியிருப்பது பெரும்பாலும் 1975க்குப் பிந்தியது, இது அதற்கு முந்தியதாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம், கைக்காசு.

பிறகு ஊராட்சியில் பத்திர நகல் இல்லாமல் இதைக் கூட்டத்தில் பொருளாக எடுக்க முடியாது என்றார்கள், அது நியாயம்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டேன். பழைய புத்தகங்களைக் கையால் புரட்டித் தேட வேண்டும், எத்தனை வருடம் தேடச் சொல்கிறோமோ அதற்கேற்பக் கட்டணம். அப்பாரு பெயரில் 20 வருடத்துக்குத் தேடச் சொன்னேன். அப்படி ஒரு பத்திரமே இல்லை என்று பதில் வந்தது. ஊரே சொல்கிறது, ஆவணம் இல்லை என்கிறது. கொடுக்கவே இல்லையோ என்று ஒரு மாதம் கிறுக்குப் பிடித்துத் திரிந்தேன்.

அங்கிருந்த பத்திர எழுத்தர் ஒருவர்தான் வழி சொன்னார். "பேரை வெச்சுத் தேடாதீங்க, சர்வே நெம்பர வெச்சுத் தேடுங்க. பேரு நாம நெனைக்கிறது, நெம்பர் மண்ணுல இருக்கிறது."

அதிலும் ஒரு சிக்கல். இன்று பட்டாவில் இருப்பது யு.டி.ஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் பணிக்குப் பிந்தைய எண். 1980களில் அந்தப் பணி முடிந்தபோது பல இடங்களில் எண்ணும் உட்பிரிவும் மாறிவிட்டன. பழைய பத்திரம் பழைய எண்ணில்தான் பதிவாகியிருக்கும். தாலுகா அலுவலகத்தில் புது எண்ணைக் கொடுத்துப் பழைய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் மனுப் போடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் கட்டணம் தண்டம்.

பத்திரம் கிடைத்தது. 1968ஆம் வருடத்துத் தான செட்டில்மெண்ட். எழுதிக் கொடுத்தவர் அப்பாரு அல்ல, அவர் மனைவி, ஆத்தா. கல்யாணத்தில் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த காடு அது. அப்பாரு சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.

நகலை ஆத்தாவின் பேத்தியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆத்தா சொல்லீட்டே இருக்குமுங்க, அது எங்கப்பன் ஊட்டுக் காடுன்னு. வயசான காலத்துல என்னமோ பேசுதுன்னு நாங்க விட்டுட்டமுங்க" என்றார்.

அச்சான பலகை என் வீட்டு மாட்டுக் கொட்டகையில் திருப்பிச் சாத்திக் கிடக்கிறது.

3. குடும்பத்தின் சம்மதம்

வாரிசுகள் எல்லோரிடமும் எழுத்தில் வாங்குங்கள், வெளிநாட்டில் இருப்பவரிடமும். பெயர் வைப்பதால் நிலத்தில் யாருக்கும் புதிதாக உரிமை எதுவும் வராது என்று ஒரு வரியைக் கடிதத்திலும் தீர்மானத்திலும் சேருங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

4. பெயரை எப்படி அமைப்பது

பெயரோடு சாதிப் பட்டம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். நம் பக்கத்தில் அது லேசான பேச்சல்ல, இரண்டு கூட்டம் ஓடியது. பட்டம் இல்லாமல் யார் என்றே தெரியாது என்றார் ஒருவர். ஆத்தா என்றாலே தெரிகிறதே என்றார் பேத்தி, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த சண்டை முன்னெழுத்து. கணவர் பெயரின் முதலெழுத்தா, அப்பன் பெயரின் முதலெழுத்தா? பத்திரத்தில் 'இன்னார் மனைவி' என்றுதான் இருந்தது. மண் வந்த வழி அப்பன் வழி, அதனால் அப்பன் எழுத்தையே போடுங்கள் என்று குடும்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

பிறகு தடத்துக்கான சொல். 'நினைவு நடைபாதை' என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதித் தந்தார். எனக்கு ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஆள் நடக்கிற வழி என்றால் அதற்கு நம்மிடம் ஒரே சொல்தான், இட்டேரி. ஆகவே மேலே 'ஆத்தா இட்டேரி' என்று பெரிதாக, கீழே முழுப்பெயர்.

5. தீர்மானம்

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்றைக்கு எழுந்து நின்று கேட்டால் போதாது. முன்கூட்டியே செயலரிடம் எழுதிக் கொடுத்துப் பொருள் நிரலில் ஏற்றுங்கள். ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் வர வேண்டும். எங்கள் ஊர் அந்தக் கணக்கில்தான் வருகிறது, நாங்கள் வீடு வீடாகப் போய் அழைத்தோம்.

நடுவில் 2025 ஜனவரியில் ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். தலைவரிடம் பேசி வைத்ததெல்லாம் மறுபடி முதலிலிருந்து. வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள், ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை வாங்குங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. நகராட்சி, மாநகராட்சி என்றால் மன்றத்தில் தீர்மானம் போட்டு அரசின் ஒப்புதலுக்கு அனுப்புவார்கள், கூடுதல் பொறுமை வேண்டும்.

6. பலகை

ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம், நம் வெயிலுக்கு வெளுத்துவிடும். மரத்தில் ஆணி அடிப்பது அதைவிடப் பாவம். நாங்கள் கடப்பாக் கல்லில் எழுத்தை வெட்டி வெள்ளைப் பெயிண்ட் அடித்து, வேலியோரம் ஊன்றினோம். எழுத்து உயரத்துக்கு எளிய கணக்கு: 10 அடி தூரத்திலிருந்து படிக்க ஒரு அங்குலம்.

தமிழ் எழுத்து உடைவதில் கவனம். வாட்ஸாப்பில் தட்டச்சு செய்து அனுப்பியதைக் கடைக்காரர் கோரல்ட்ரா என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பில் ஒட்டினார். 'கொடை' என்பதில் கொம்பு இடம் மாறி, கால் தனியாக நின்றது. கல்லில் வெட்டியிருந்தால் அவ்வளவுதான். இதற்கு நான் சொல்வது இங்க்ஸ்கேப், அதுவும் வரைகலை மென்பொருள்தான், இலவசம். முக்தா மலர் எழுத்துருவில் அடித்து, எழுத்தை வடிவமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அப்புறம் எந்தக் கணினியிலும் உடையாது.

கல்லில் நாலு வரி போதும்: தடத்தின் பெயர், கொடுத்தவர், பரப்பு, வருடம். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை அளித்தவர் என்று நீட்டாதீர்கள். என் பெயரையும் ஓரமாகப் போடச் சொன்னார்கள். கொட்டகையில் கிடக்கும் பலகையை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன்.

7. வரைபடம்

ஓஎஸ்எம்ஏண்ட் செயலியில் தடத்தை ஒருமுறை நடந்து பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் நடைபாதையாக வரைந்து தமிழிலேயே பெயரிட்டேன். அரை மணி நேர வேலை. கூகுள் மேப்பில் இரண்டு முறை அனுப்பி இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள்.

பின்சேர்க்கை: சாதிப் பட்டத்தை விட்டது ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் கல் ஊன்றிய பிறகு, 2025 அக்டோபரில், தெரு, குடியிருப்பு, நீர்நிலைகளில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லி அரசாணை வந்தது. அதே வாரத்தில் கோவை அவிநாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட, டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. எங்கள் கல்லில் மாற்ற எதுவும் இருக்கவில்லை.

இன்னொன்று: 1968 பத்திரமும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுத்த குடும்பத்தின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அசல் அங்கேதான் இருந்தது, வேட்டியில் சுற்றி, ஆத்தாவின் பெட்டியில். நான் கடைசியாகக் கேட்ட இடம் அது.