பழகாத வகை நவீன எலெக்ட்ரிக் கிட்டாரை மதிப்பிடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற 1950-ஆம் ஆண்டின் கிட்டார், 1952-இல் வந்த லெஸ் பால், 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் ஆகியவை வகுத்த அமைப்பிலேயே இன்றும் ஏராளமான எலெக்ட்ரிக் கிட்டார்கள் செய்யப்படுகின்றன. நம்மில் பலருடைய கையும் காதும் பழகியிருப்பது அந்த அமைப்புக்குத்தான். அப்படிப் பழகிய ஒருவரிடம், தலைப்பகுதியே இல்லாத, ஏழு தந்திகள் கொண்ட, நெக் எனும் கழுத்துப் பகுதியில் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் விசிறி மடிப்புபோல் சாய்ந்து நிற்கும் ஒரு நவீன கிட்டாரைக் கொடுத்தால், ஐந்தே நிமிடத்தில் "எனக்கு இது ஒத்துவராது" என்று கீழே வைத்துவிடுவார். அந்த ஐந்து நிமிடத்தில் தெரியவந்தது அவருடைய பழக்கம் மட்டுமே. கிட்டாரைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

பல ஆண்டுகள் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும், ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட பகுதி) கொண்ட பழைய பாணிக் கிட்டாரை மட்டுமே வாசித்துவந்த நானும், நண்பர் ஒருவர் தந்த ஏழு தந்திக் கிட்டாரை இப்படித்தான் முதலில் ஒதுக்கினேன். பின்னர் ஒரு வாரம் அதை என்னிடமே வைத்துக்கொண்டு ஒழுங்காகச் சோதித்தபோது, நான் குறை என்று நினைத்தவற்றில் பாதி குறையே அல்ல என்பதும், உண்மையான குறை ஒன்றை நான் கவனிக்கவே இல்லை என்பதும் தெரிந்தன. அந்தச் சோதனை முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கருவி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா, தனக்குரிய வேலையைச் செய்கிறதா என்பது ஒரு கேள்வி. எனக்கு அது பிடிக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் கடைசிவரை கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ட்யூனர், மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக உள்ள சிறிய அளவுகோல், கொஞ்சம் பஞ்சு, ஓர் ஆம்ப் (ஒலிபெருக்கி), உங்களுக்குப் பழகிய கிட்டார், ஒரு நோட்டு ஆகியவை போதும்.

படி 1: உங்கள் பழக்கத்தை அளந்து எழுதுங்கள்

புதிய கிட்டாரைத் தொடும் முன், உங்கள் கிட்டாரைப் பத்து நிமிடம் வாசியுங்கள். பிறகு அதன் அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) 12-ஆவது ஃப்ரெட் வரையுள்ள தூரத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம், கிடைக்கும். ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில் அது 25.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 648 மி.மீ.; லெஸ் பால் வகையில் 24.75 அங்குலம், ஏறத்தாழ 629 மி.மீ. இந்த 19 மி.மீ. வேறுபாடே தந்தியின் இறுக்கத்தை விரலுக்குத் தெரியும் அளவுக்கு மாற்றிவிடும். எத்தனை ஃப்ரெட்டுகள், எந்த வகைப் பிக்கப், எவ்வளவு தடிமனான தந்தி என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கிட்டாரில் ஏதோ ஒன்று உறுத்தும்போது, அது எந்த அளவின் வேறுபாட்டால் வருகிறது என்று இந்தக் குறிப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

படி 2: அது எந்தச் சிக்கலைத் தீர்க்கச் செய்யப்பட்டது என்று கேளுங்கள்

நவீன கிட்டாரில் விசித்திரமாகத் தோன்றும் அம்சம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஆறு தந்திக் கிட்டாரின் தடித்த தந்தி வழக்கமாக 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஈ சுரம். ஏழாவது தந்தியைச் சேர்த்தால் கிட்டாரின் தாழ்ந்த எல்லை பி சுரத்துக்கு, அதாவது 61.7 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. அதே நீளத்தில் அவ்வளவு தாழ்ந்த சுரத்தைச் சேர்க்கும்போது தந்தி தொய்ந்து, ஒலி குழம்பும். தந்தியை மேலும் தடிமனாக்கலாம், அல்லது நீளத்தைக் கூட்டலாம். எல்லாத் தந்திகளின் நீளத்தையும் கூட்டினால் மெல்லிய தந்திகள் விறைத்துப்போய், இழுத்து வாசிப்பது கடினமாகும். தடித்த தந்திக்கு 27 அங்குலம், மெல்லிய தந்திக்கு 25.5 அங்குலம் என்று வெவ்வேறு நீளம் கொடுத்தால் இரண்டு சிக்கலும் தீரும். ஃப்ரெட்டுகள் சாய்ந்து நிற்பது அதனால்தான். எலெக்ட்ரிக் கிட்டாருக்கான இந்த விசிறி ஃப்ரெட் அமைப்புக்கு ரால்ஃப் நோவாக் 1989-இல் காப்புரிமை பெற்றார்.

தலைப்பகுதியை நீக்கினால் எடை குறையும், நெக் கீழே சாயாமல் கிட்டார் சமநிலையில் நிற்கும். சுருதி சேர்க்கும் திருகுகள், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்டுகள் வழக்கமான நிக்கல் கலவையைவிடக் கடினமானவை என்பதால் மெதுவாகத் தேயும். வெப்பமூட்டிப் பதப்படுத்திய மேப்பிள் மரம் ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுவதால் நெக் எளிதில் வளையாது.

இந்தச் சிக்கல்களில் ஒன்றுகூட உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இது உங்களுக்குத் தேவையற்ற கிட்டார் என்று நோட்டில் எழுதலாம். மோசமான கிட்டார் என்று எழுதக்கூடாது.

படி 3: ஆம்பில் இணைக்காமல் சோதியுங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இதில்தான். பாணி எதுவானாலும் கைவேலையின் தரம் இங்கே வெளிப்பட்டுவிடும்.

முதலில் உடற்பகுதியைத் தோள் மேல் வைத்து, நெக்கின் ஓரம் நெடுகக் கண்ணை ஓட்டுங்கள். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் அது பெரிய குறை. சீரான சிறிய வளைவு இருப்பது நல்லது. முதல் ஃப்ரெட்டையும், நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டையும் ஒரே தந்தியில் அழுத்திக்கொண்டு, 7 அல்லது 8-ஆவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே பாருங்கள். அங்கே 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இடைவெளி இருந்தால் போதும். பிறகு எதையும் அழுத்தாமல் 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை அளந்தால், மெல்லிய தந்தியில் 1.5 மி.மீ., தடித்த தந்தியில் 2 மி.மீ. என்பதை ஒட்டி இருக்க வேண்டும். நவீன கிட்டார்களில் இதைவிடவும் தாழ்வாக வைத்திருப்பார்கள். தந்தி உயரமும் நெக்கின் வளைவும் திருகாணியால் திருத்தக்கூடியவை. ஆகவே இவை சரியில்லை என்பதற்காக மட்டும் எந்தக் கிட்டாரையும் ஒதுக்காதீர்கள்.

அடுத்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, ஃப்ரெட்டுகளின் முனைகளை ஒட்டி நெக்கின் இரு ஓரங்களிலும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். சரியாக மழுக்கப்பட்ட முனைகளின் மேல் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். கூர்மையான முனை வந்தால் ஓர் இழை அங்கே சிக்கி நிற்கும். நண்பரின் கிட்டாரில் 14, 15-ஆவது ஃப்ரெட்டுகளின் கீழ் முனைகளில் பஞ்சு சிக்கியது. மினுமினுக்கும் வண்ணத்தையும் சாய்ந்த ஃப்ரெட்டுகளையும் குறைசொல்லிக்கொண்டிருந்த நான் கவனிக்காமல் விட்ட உண்மைக் குறை அதுதான். வறண்ட காற்றில் மரம் சுருங்கும்போதும் முனைகள் இப்படித் துருத்தும் என்பதால், இதற்குத் தயாரிப்பாளரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. அரத்தால் திருத்திவிடலாம்.

பிறகு எல்லாத் தந்திகளிலும் எல்லா ஃப்ரெட்டுகளையும் ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் வேறு குறுக்குவழி இல்லை. எங்காவது ஒரே ஒரு சுரம் மட்டும் இரைந்தாலோ, மற்றவற்றைவிடச் சட்டென்று அடங்கினாலோ, அந்த இடத்தில் ஃப்ரெட் மட்டம் சரியில்லை என்று பொருள் கொள்ளலாம். மெல்லிய தந்தியை 15-ஆவது ஃப்ரெட்டில் ஒரு முழுச் சுரம் உயரும்வரை இழுத்து, அப்படியே நிறுத்திவையுங்கள். ஃப்ரெட்போர்டின் குறுக்கு வளைவு, பழைய ஸ்ட்ராடோகாஸ்டரில் 7.25 அங்குல ஆரம் கொண்டது. தந்தி தாழ்வாக இருந்தால், இழுக்கும்போது அது நடுவிலுள்ள மேட்டில் மோதிச் சுரம் செத்துவிடும். 16 அங்குல ஆரம் கொண்ட நவீன ஃப்ரெட்போர்டு ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், அதே உயரத்தில் சுரம் தடையின்றி நீளும். முதல் நிலைக் கார்டுகளுக்கு (பல சுரங்களைச் சேர்த்து வாசிப்பவை) வளைவான போர்டு உள்ளங்கையில் இதமாக அடங்கும் என்பதும் உண்மை. எனக்கு இன்றும் அந்த வளைவுதான் பிடிக்கும்; ஆனால் இந்தச் சோதனையில் தட்டையான போர்டு வென்றது என்று நோட்டில் எழுதினேன்.

படி 4: சுருதி நிற்கிறதா என்று பாருங்கள்

12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியைத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். விலகினால் பிரிட்ஜில் சரிசெய்யலாம். பிறகு பத்து முறை நன்றாக இழுத்து வாசித்துவிட்டு மீண்டும் சுருதியைப் பாருங்கள்.

அசையக்கூடிய ஃபிலாய்டு ரோஸ் வகைப் பிரிட்ஜ் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதில் தந்திகளின் இழுவையும் பின்புறச் சுருள்வில்களின் இழுவையும் தராசுபோல் சமமாக நிற்கின்றன. ஆகவே ஒரு தந்தியை விரலால் இழுத்தால் மற்றத் தந்திகளின் சுருதி சற்று இறங்கும். அது அந்த அமைப்பின் இயல்பு. பழுதா என்று அறிய, பிரிட்ஜில் நீட்டியிருக்கும் கைப்பிடிக் கம்பியை அழுத்திவிட்டு விடுங்கள்; தந்திகள் பழைய சுருதிக்கே திரும்பினால் அமைப்பு சரியாக இருக்கிறது.

படி 5: ஒலியைச் சமமான சத்தத்தில் ஒப்பிடுங்கள்

ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டாராக இருந்தால், முதல் வேலையாகப் புதிய 9 வோல்ட் பேட்டரியைப் போடுங்கள். இந்தப் பிக்கப்புகளுக்குள் சிக்னலை வலுவாக்கும் ஒரு சிறிய ப்ரீஆம்ப் இருக்கிறது. பேட்டரி இறங்கிவிட்டால் ஒலி மங்கி, பலமாக மீட்டும்போது கரகரக்கும். நண்பரின் கிட்டாரில் "உயிரே இல்லை" என்று நான் முதல் நாள் தீர்ப்பளித்த ஒலி, பேட்டரியை மாற்றியதும் வேறாகிவிட்டது. கேபிளைச் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது.

அடுத்தது சத்த அளவு. நவீன பிக்கப்புகள் பலவும் பழைய சிங்கிள் காயிலைவிட வலுவான சிக்னலைத் தருகின்றன. சத்தம் கூடினாலே அந்த ஒலி நிறைவானதாகக் காதுக்குத் தோன்றும். அதே வலுவான சிக்னல் ஆம்பை முன்னதாகவே கரகரக்க வைப்பதால், தெளிவற்றதாகவும் தோன்றலாம். எப்படிப் பார்த்தாலும் ஒப்பீடு தவறிவிடும். ஆகவே ஒவ்வொரு கிட்டாரை மாற்றும்போதும், ஆம்பைத் திருத்தி இரண்டின் சத்தமும் சமமாகக் கேட்கும்படி வைத்த பிறகே மதிப்பிடுங்கள்.

முதலில் டிஸ்டார்ஷன் (கரகரப்பு) இல்லாமல் வாசியுங்கள். பிறகு ஆம்பில் அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினை ஏற்றி, உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜில் பதித்துத் தடித்த தந்தியை வேகமாக மீட்டுங்கள். ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதே கெயினில் நான்கு சுரக் கார்டு ஒன்றை வாசித்து, சுரங்கள் பிரிந்து கேட்கின்றனவா என்று பாருங்கள். நவீன கிட்டார் இந்தச் சோதனைக்காகவே பிறந்தது. கடைசியாக வால்யூமைப் பாதியாகக் குறைத்து வாசித்துப் பாருங்கள்.

நெக் பக்கத்துப் பிக்கப்பின் ஒலி உங்கள் கிட்டாரில் உள்ளதுபோல் உருண்டு திரண்டு வராமல் போகலாம். 24 ஃப்ரெட்டுகள் வைக்கும்போது ஃப்ரெட்போர்டு நீள்வதால், அந்தப் பிக்கப் பிரிட்ஜை நோக்கிச் சற்று நகர்ந்தாக வேண்டும். 21 அல்லது 22 ஃப்ரெட் கிட்டாரில் பிக்கப் இருக்கும் இடத்தை, இங்கே 24-ஆவது ஃப்ரெட் எடுத்துக்கொண்டுவிடுகிறது. எந்தப் பிக்கப்பைப் பொருத்தினாலும் இந்த வேறுபாடு முழுதாக மறையாது. இதை ஏற்கலாம், மறுக்கலாம். அது விருப்பத்தைப் பொறுத்தது.

படி 6: கைக்கு அவகாசம் கொடுங்கள்

ஒரே நாளில் முடிவெடுக்காமல், மூன்று நான்கு நாட்கள், நாளுக்கு 20 நிமிடமாவது வாசியுங்கள். சாய்ந்த ஃப்ரெட்டுகள் கண்ணுக்குத்தான் அதிகம் தொல்லை தரும். கண்ணை மூடி வாசித்தால் கை விரைவில் வழி கண்டுகொள்ளும். முதல் ஃப்ரெட்டில், ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டு பிடிக்கும்போது மட்டும் மணிக்கட்டு சற்றுத் திரும்ப வேண்டியிருக்கும். அது நான்காம் நாளும் வலித்தால், கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கிட்டாரை இடது தொடையில் வைத்து, நெக்கை உயர்த்திப் பிடித்தும் பாருங்கள். பல நவீன கிட்டார்களின் உடல் வடிவம் அப்படி உட்காருவதற்கே வெட்டப்பட்டிருக்கிறது. முதல் பாதியில் அந்தக் கிட்டாருக்கு உரிய இசையையும், இரண்டாம் பாதியில் நீங்கள் வழக்கமாக வாசிப்பதையும் வாசியுங்கள்.

படி 7: இரண்டு பத்திகளாக எழுதுங்கள்

நோட்டின் ஒரு பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இடப்புறம் செய்நேர்த்தி, வலப்புறம் விருப்பம் என்று தலைப்பிடுங்கள். அளந்தும் சோதித்தும் கண்டவை இடப்புறம் போகட்டும். திருத்தக்கூடிய குறையையும் திருத்த முடியாத குறையையும் அங்கேயே பிரித்துக் குறிக்க வேண்டும். "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்று தொடங்கும் எல்லாம் வலப்புறம் போக வேண்டும். எந்தப் பக்கம் என்று ஐயம் வந்தால், அந்தக் கிட்டார் வகையிலேயே ஊறிய ஒருவர் இதைக் குறை என்பாரா என்று கேட்டுப் பாருங்கள். அவரும் குறை என்பார் என்றால் அது இடப்புறத்துக்குரியது.

பிறகு புதிய கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, உங்கள் பழைய கிட்டாரை ஒரு நாள் வாசித்து, எது இல்லாமல் போனதாகத் தோன்றுகிறதோ அதையும் வலப்புறத்தில் சேருங்கள். நண்பரின் கிட்டாருக்கு நான் எழுதிய பக்கத்தில், இடப்புறம் இரண்டு ஃப்ரெட் முனைகள் மட்டுமே குறையாக நின்றன. வலப்புறம், நெக் பிக்கப்பில் எனக்கு வேண்டிய திரட்சி இல்லை என்று எழுதியதற்குக் கீழே, "ஏழாவது தந்தி இருந்த இடத்தைக் கட்டைவிரல் தேடுகிறது" என்ற வரியை மறுநாள் சேர்த்தேன்.