பவரா, ஸ்ப்ரெட்டா? ரக்பி பார்ப்பவர்களுக்கு

கிங்ஸ் பார்க் ரக்பி மைதானத்தில் மால் (பந்துக்காரனைச் சுற்றிக் கூட்டமாகப் பிடித்துத் தள்ளுவது) பார்த்துப் பழகிய டர்பன் கண்ணுக்கு, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் முதலில் உறுத்துவது, பந்துக்கு முன்னால் போய் எதிராளியை மறிப்பதுதான். ரக்பியில் அதற்குப் பெனால்டி. இங்கே ஓட்டமே அதன்மேல் நிற்கிறது.

பந்து வைத்திருக்கும் அணி ஆடும் இரண்டு முறைகள் பவர், ஸ்ப்ரெட். பவரில் ஆட்கள் நெருங்கி நிற்பார்கள், ஸ்ப்ரெட்டில் அகலமாகப் பரவி நிற்பார்கள். பவர் என்றால் ஓட்டம், ஸ்ப்ரெட் என்றால் வீச்சு என்று பிரிக்காதீர்கள். ஸ்ப்ரெட்டிலும் நன்றாக ஓடும் அணிகள் உண்டு. ஓடும் இடத்தில் ஓர் ஆளை எப்படிக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மறிக்கும் வரிசையில் 5 பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், அதற்கு வெளியே டாக்கிள். ஓட்டம் வலப்பக்கம் என்றால், பவரில் அந்தக் கூடுதல் ஆள் இடப்பக்கக் கார்ட். வலது கார்டும் டாக்கிளும் சேர்ந்து எதிரணி ஒருவனைப் பின்தள்ளுவார்கள். ஃபுல்பேக் (ரக்பி ஃபுல்பேக் அல்ல, பந்துக்காரனுக்கு முன்னால் போய் மறிப்பவர்) எதிரணி வரிசையின் ஓரத்து ஆளான எண்டை வெளியே தள்ளுவார். இடது கார்ட் வரிசைக்குப் பின்னால் ஓடி வந்து, திறந்த சந்தில் நுழைந்து, எதிரணி வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை மறிப்பார். பந்துக்காரன் அவர் முதுகையே பிடித்துப் போக வேண்டும். பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில்: கார்ட் விட்டுப்போன இடைவெளியைச் சென்டர் அடைக்காமல் விடுவது, எண்ட் உள்ளே நெருக்கிச் சந்தை மூடிவிட்டதைப் பார்க்காமல் கார்ட் அதிலேயே முட்டுவது. எண்ட் உள்ளே வந்தால் கார்ட் வெளிப்பக்கம் சுற்ற வேண்டும்.

ஸ்ப்ரெட்டின் ஸோன் ரீட் என்ற ஓட்டத்தில் ஓர் எண்டை யாருமே மறிப்பதில்லை; அதனால் ஓர் ஆள் மிச்சம். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சுமார் 5 கஜம் பின்னால் நின்று பந்தைப் பெற்று, ஓட்டக்காரன் வயிற்றில் வைத்தபடி அந்த எண்டின் தோளைப் பார்ப்பார். எண்ட் ஓட்டக்காரனைத் துரத்தினால் பந்தை இழுத்துத் தானே ஓடுவார்; நின்றால் கொடுத்துவிடுவார். முடிவு தாமதமானால் பந்து தரையில். தந்திரசாலி எதிரணி எண்டை உள்ளே அனுப்பி, அவன் விட்ட இடத்துக்கு லைன்பேக்கரை அனுப்பும். குவார்ட்டர்பேக் பந்தை இழுத்துக்கொண்டு நேரே அந்த லைன்பேக்கர் கையில் போய் விழுவார்.

பந்து ஸ்னாப் ஆகுமுன் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குமுன்) நடுவில் நெருங்கி நிற்கும் தடுப்பாளர்களை எண்ணுங்கள். மறிக்க 5 பேர், குவார்ட்டர்பேக் பார்த்து முடிவெடுக்கும் எண்ட் ஒருவன்: ஆக 6 பேர்வரை ஸ்ப்ரெட் ஓடலாம். ஏழாவது ஆள் வந்தால் வெளியே எங்கோ ஒருவன் குறைந்திருக்கிறான், அங்கே வீச வேண்டும்.

மைதான அகலம் 160 அடி, ஏறக்குறைய 49 மீட்டர். ரக்பியில் 70 மீட்டர் வரை உண்டு. கல்லூரி ஆட்டத்தில் மைதானத்தின் நீளவாக்கில் போகும் இரண்டு ஹாஷ் கோடுகள் (பந்து இவற்றிலோ இடையிலோதான் வைக்கப்படும்) 40 அடி விலகியிருப்பதால், பந்து ஒரு கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100. நம்ம பிளைண்ட் சைடு, ஓபன் சைடு கணக்கேதான். வேகமான ஆளை ஸ்ப்ரெட் அணிகள் அந்த 100 அடிப் பக்கம் நிறுத்துவது அதனால்தான்.

கிழக்கு அமெரிக்காவின் சனிக்கிழமை மதியம் 12 மணி ஆட்டம் செப்டம்பரில் நமக்கு மாலை 6 மணி. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7.