பிள்ளை பாக்கிற வேலைக்குப் போக முதல் ஒரு கொப்பி வாங்குங்கோ

திருகோணமலையில பிள்ளை பாக்கிற வேலை எண்டா முந்தி சொந்தத்துக்குள்ள ஆரும் ஒரு பெட்டை போய் நிண்டு பாப்பா, காசெண்டு பெரிசா ஒண்டும் இல்லை, தீபாவளிக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். இப்ப அப்பிடி இல்லை. உவர்மலையில புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருமே டொக்டர், ரெண்டு பேருக்கும் நைட் டியூட்டி, உப்புவெளி நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் நடத்துற ஆக்கள், பிறகு ஜூலை ஆகஸ்ட்டில லண்டன் கனடாவில இருந்து லீவுக்கு வந்து ஒரு மாசம் நிக்கிற குடும்பங்கள், இவை எல்லாரும் நல்ல சம்பளம் குடுத்து ஆள் தேடுகினம். நான் 11 வருசமா இந்த வேலைதான் செய்யுறன், நாலு வீடு மாறியிருக்கிறன். ஒண்டும் கேக்காமப் போய் நிண்டுபோட்டு ரெண்டு மாசத்தில அழுதுகொண்டு திரும்பி வந்த தங்கச்சிமாரைக் கனபேரைப் பாத்திட்டன், அதால எழுதுறன்.

முதல் நாள் கதைக்கப் போகேக்க கூச்சப்படாதீங்கோ. பெரிய வீடு, மாபிள் நிலம், சோபாவில இருக்கச் சொன்னாலும் இருக்க மனம் வராது, அந்தப் பயத்தில "நீங்க பாத்துத் தாறதைத் தாங்கோ மேடம்" எண்டு சொல்லிப்போட்டு வாற ஆக்கள்தான் கூட. அப்பிடிச் சொன்னாப் பிறகு வாயே திறக்கேலாது. எத்தினை பிள்ளை, என்ன வயசு, காலமை எத்தினை மணிக்கு வரோணும், பின்னேரம் எப்ப விடுவினம், ராவில நிக்கோணுமா, நிண்டா பிள்ளை எழும்பி அழுதா ஆர் எழும்புறது, ஞாயிறு லீவா, பொங்கல் தீபாவளிக்கு விடுவினமா, சம்பளம் எத்தினையாம் திகதி, எல்லாத்தையும் கேளுங்கோ. அதைவிட முக்கியம், பிள்ளையின்ர வேலை எது வீட்டு வேலை எது எண்டு பிரிச்சுக் கேக்கிறது. பிள்ளையின்ர உடுப்புத் தோய்க்கிறது, சாப்பாடு செய்யுறது, சூப்பி அவிக்கிறது, விளையாட்டுச் சாமான் கழுவுறது, அந்த அறையைக் கூட்டுறது உங்கட வேலை. முழு வீட்டுக்கும் சமைக்கிறதும் முத்தம் கூட்டுறதும் வேற ஆளின்ர வேலை. நீங்க குசினியில மீன் வெட்டிக்கொண்டு நிக்கேக்க பிள்ளை மாடிப்படியில ஏறி விழுந்தா பதில் சொல்லப்போறது நீங்கதான், அதுக்காகத்தான் சொல்லுறன். "பிள்ளை நித்திரைதானே, சும்மாதானே இருக்கிறாய்" எண்டு ஒரு நாள் கட்டாயம் வரும், அப்ப "அந்த நேரத்திலதான் மேடம் சூப்பி அவிச்சு உடுப்பு மடிக்கிறன்" எண்டு பணிவாச் சொன்னாக் காணும்.

சம்பளக் கதையில இன்னொண்டு. கொம்பனியில வேலை செய்யிற ஆளுக்கு முதலாளி சம்பளத்தில 12 வீதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), 3 வீதம் ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டோணும். வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் இல்லை. 20 வருசம் ஒரு வீட்டில நிண்டாலும் வெளிக்கிடேக்க கையில ஒண்டும் இராது. அதால சம்பளம் பேசேக்கயே "மேடம், எனக்கு ஈபிஎஃப் இல்லைத்தானே, அதுக்குப் பதிலா மாசம் மாசம் ஏதாவது கூட்டிப் போட்டுத் தாங்கோ" எண்டு கேளுங்கோ, நான் மூண்டாவது வீட்டில கேட்டனான், தந்தவை. கைக்காசா வாங்காமல் உங்கட பேரில இருக்கிற பாங்க் புத்தகத்துக்குப் போடச் சொல்லுங்கோ. பேசினதை ஒரு தாளில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வச்சா நல்லம், அதுக்கு அவை விருப்பப்படாட்டி வீட்டுக்குப் போய் "மேடம், இண்டைக்குக் கதைச்சது இதுதானே" எண்டு வட்ஸ்அப்பில அனுப்புங்கோ, அவை "ஓம்" எண்டு போட்டா அதுவும் ஒரு எழுத்துத்தான்.

ஐடென்டிக் காட்டின்ர போட்டோக் கொப்பி குடுங்கோ, ஒரிஜினலைக் குடுத்து வைக்காதீங்கோ, ஆர் கேட்டாலும். கிராம சேவகரிட்ட நற்சான்றிதழ் எடுத்துக்கொண்டு போனா கேக்க முதலே குடுக்கலாம். 18 வயசு ஆகாத பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பாதீங்கோ, சட்டமும் விடாது, அந்த வயசுக்கு அவள் ஏஎல் படிக்கோணும்.

இனிக் கொப்பிக் கதை. 80 பக்கக் கொப்பி ஒண்டு காணும். ஒவ்வொரு நாளும் மேல திகதி, கீழ நேரம், பக்கத்தில என்ன நடந்தது. பால் எத்தினை மில்லி, எவ்வளவு மிச்சம் விட்டது, பம்பஸ் எப்ப மாத்தினது, வயித்தால போனது தண்ணியாவா, எத்தினைக்கு நித்திரை, எங்கயாவது அடிபட்டா எங்க எப்பிடி எண்டு. அம்மாக்காரி வேலையால வந்து களைச்சுப்போய் இருக்கேக்க நீங்க நிண்டு கதை சொல்லத் தேவையில்லை, கொப்பியைத் திறந்து காட்டுங்கோ. நாலு நாள் சேத்துப் பாக்கேக்க பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்ல எண்டுகூடத் தெரியும்.

எனக்கு அந்தக் கொப்பி மானத்தையே காப்பாத்தினது. ஒரு வீட்டில ஒம்பது மாசக் குழந்தை, கழுத்தில பஞ்சாயுதம் போட்ட சங்கிலி, ஒரு நாள் பின்னேரம் அது காணேல்ல. ஆரும் என்னைப் பாத்து நீ எடுத்தனி எண்டு சொல்லேல்ல, ஆனா வீட்டில எல்லாரும் என்னோட கதைக்கிறதை விட்டிட்டினம், என்ர பாக் திறந்து கிடந்தது. கை நடுங்க நடுங்க கொப்பியை எடுத்துக் குடுத்தன். அதில பென்சிலால "4.10 குளிக்க வாத்தது, சங்கிலி களட்டி அம்மம்மாட்ட குடுத்தது" எண்டு எழுத்துப்பிழையோட எழுதியிருக்கு. அம்மம்மா வாசிச்சுப்போட்டு ஒண்டும் பேசாம அறைக்குப் போனவ, தலாணி உறைக்குள்ள இருந்து எடுத்துக்கொண்டு வந்தா. வயசு போன மனிசி, மறந்திட்டா, அவவில பிழை இல்லை. ஆனா அந்த ஒரு வரி இல்லாட்டி எனக்கு என்ன நடந்திருக்கும் எண்டு இப்ப யோசிச்சாலும் நெஞ்சு பதறுது. அண்டையில இருந்து நகை போட்ட பிள்ளையெண்டா காலமை வந்தோடன சங்கிலி, காப்பு, அரைஞாண் எல்லாம் பாத்து எழுதுவன், போகேக்கயும் எழுதுவன், உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவன்.

பால் விசயத்தில எங்கட ஊர் வெக்கையை மறக்காதீங்கோ. எடுத்து வச்ச தாய்ப்பால் பிரிட்ஜில நாலு நாள் வைக்கலாம், வெளியில நாலு மணித்தியாலம் இருக்கும் எண்டு சொல்லுறது 25 பாகை அளவான அறைக்கு. கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற ஜூன் ஜூலையில இஞ்ச நடுமத்தியானம் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும், உடன பிரிட்ஜில வையுங்கோ. மைக்ரோவேவில சூடாக்கவே வேண்டாம், ஒரு பக்கம் கொதிச்சு ஒரு பக்கம் குளிரா இருக்கும், பிள்ளையின்ர வாய் வெந்திடும். கோப்பையில சுடுதண்ணி விட்டு அதுக்குள்ள சூப்பியை வச்சு, பிறகு மணிக்கட்டில ரெண்டு துளி விட்டுப் பாத்துக் குடுங்கோ. மாப்பால் எண்டா குடிச்சு மிச்சம் விட்டதை எடுத்து வைக்கக்கூடாது, எவ்வளவு விலையான மா எண்டாலும் ஊத்துங்கோ. நித்திரைக்கு நிமித்திக் கிடத்துங்கோ, தலாணி பொம்மை ஒண்டும் பக்கத்தில வேண்டாம்.

பிள்ளையின்ர கிளினிக் கொப்பி எங்க இருக்கு எண்டு முதல் கிழமையே கேட்டு வையுங்கோ. ரெண்டு, நாலு, ஆறு மாசத்தில ஊசி, ஒம்பது மாசத்திலயும் மூண்டு வயசிலயும் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி), ஒரு வயசில மூளைக்காய்ச்சல் ஊசி, ஒண்டரை வயசில திரும்ப ஒண்டு. ஊசி போட்ட நாள் ராவில காய்ச்சல் காயலாம், பனடோல் சிரப் பிள்ளையின்ர நிறைக்குத்தான் அளவு, அம்மாட்ட கேக்காம உங்கட கையால ஒரு துளியும் குடுக்காதீங்கோ. மழை காலத்தில காய்ச்சல் எண்டா டெங்குவா எண்டு பயப்படவேணும், பனடோலைத் தவிர வேற காய்ச்சல் மருந்து ஒண்டும் குடுக்கக்கூடாது.

அம்மம்மா அப்பம்மா இருக்கிற வீடெண்டா இன்னொரு பாடு. அவ தேன் தடவச் சொல்லுவா, வசம்பு கரைக்கச் சொல்லுவா, அம்மாக்காரி டொக்டர், அதெல்லாம் தொடவே கூடாது எண்டுவா. நடுவில நீங்க. ஒரு வயசுக்குக் கீழ தேன் குடுக்கவே கூடாது, தேனுக்குள்ள இருக்கிற ஒரு கிருமி குழந்தையின்ர வயித்துக்குள்ள விசமாகும், இதில மட்டும் ஆர் சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்கோ. ஆனா கிழவியோட எதிர்த்துக் கதைக்காதீங்கோ. "அம்மம்மா, மேடத்திட்ட ஒருக்காக் கேட்டிட்டுச் செய்யுறன்" எண்டு சொல்லிப்போட்டு அம்மாக்காரிட்ட சொல்லுங்கோ, தாயும் மகளும் தங்களுக்குள்ள கதைக்கட்டும். பேபி கொலோன், பொட்டு, சாம்பிராணி மாதிரிச் சின்ன விசயத்தையும் எது ஓம் எது வேண்டாம் எண்டு அம்மாட்டயே கேட்டு வையுங்கோ.

வெளியில கூட்டிக்கொண்டு போறதுதான் எனக்கு எப்பவும் பயம். உப்புவெளிக் கடல் அலையில்லாமக் குளம் மாதிரிக் கிடக்கும், அந்தத் துணிவில போனைப் பாத்துக்கொண்டு நிப்பினம். தண்ணிக்குள்ள போற பிள்ளை கத்தாது, சத்தமே வராது. கடலெண்டாலும் வீட்டு நீச்சல் குளமெண்டாலும் கையை நீட்டினாப் பிடிக்கிற தூரத்தில நில்லுங்கோ, போன் பாக்குக்குள்ள கிடக்கட்டும். மாரி காலத்தில கடலுக்கு வேண்டாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ. கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போற வழியில மான் நிக்கும், லண்டன் பிள்ளையளுக்கு அதைக் கண்டா விசர் மாதிரி, ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் பாக்குங்கள். கொம்புள்ள மானுக்குக் கிட்ட விடாதீங்கோ. மேல கோயிலடியில குரங்கு கையில இருக்கிறதைப் பறிக்கும், வாழைப்பழத்தை பாக்குக்குள்ள வையுங்கோ.

கச்சான் கொட்டை, றம்புட்டான், முழுத் திராட்சை ஒண்டும் சின்னப் பிள்ளையின்ர கையில குடுக்காதீங்கோ. ஒரு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு அடைச்சுதெண்டா உங்கட முன்னங்கையில குப்புறப் போட்டுத் தலை கீழ இருக்கப் பிடிச்சு, முதுகில தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவில உள்ளங்கை அடியால அஞ்சு தரம் தட்டுங்கோ, வராட்டி நிமித்தி நெஞ்சு நடுவில ரெண்டு விரலால அஞ்சு தரம் அமத்துங்கோ, மாறி மாறிச் செய்யுங்கோ, பக்கத்தில நிக்கிற ஆளை 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லுங்கோ. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டாதீங்கோ. இதை வாசிச்சுப் பழகேலாது, செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி வகுப்பு வைக்கும், ஒருக்காப் போங்கோ. அந்தச் சேட்டிபிக்கட்டைக் காட்டிச் சம்பளமும் கூட்டிக் கேக்கலாம்.

வீட்டில கமரா எங்கெங்க இருக்கு எண்டு கேக்கிறது பிழையில்லை. பிள்ளையின்ர அறையில இருக்கட்டும், நீங்க படுக்கிற உடுப்பு மாத்திற இடத்தில இருக்கக்கூடாது. அதே மாதிரி நீங்களும் பிள்ளையின்ர படத்தை ஸ்டேட்டஸில போடாதீங்கோ, அந்த வீட்டுச் சண்டையைச் சந்தையில கதைக்காதீங்கோ. பிள்ளைக்குக் கை ஓங்கவே கூடாது. வேற ஆரும் பிள்ளையைப் போட்டு அடிக்கிறதை வதைக்கிறதைக் கண்டா 1929 எண்ட சிறுவர் உதவி நம்பர் இருக்கு, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில கதைக்கலாம்.

வெளிநாட்டுப் பிள்ளையள் எண்டா எங்கட ஆக்கள் உடைஞ்ச இங்கிலிசில கதைக்கப் பாப்பினம். வேண்டாம். வடிவா, ஆறுதலா, தமிழிலயே கதையுங்கோ. நிலா, காகம், சோறு, "ஆச்சி எங்க?" எண்டு தொடங்கினா ஒரு மாசத்தில அந்தப் பிள்ளை அம்மம்மாவோட கதைக்கும், அதுக்காகவே அடுத்த வருசமும் உங்களைத்தான் தேடுவினம்.

விட்டிட்டு வெளிக்கிடுறதெண்டா ஒரு மாசத்துக்கு முதல் சொல்லுங்கோ, எத்தினை வருசம் நிண்டது எண்டு ஒரு லெட்டர் கேட்டு வாங்குங்கோ. பிள்ளை நித்திரையாக் கிடக்கேக்க ஒளிச்சுப் போகாதீங்கோ, எழும்பித் தேடும். "அன்ரி நாளையில இருந்து வரமாட்டன்" எண்டு சொல்லிக் கொஞ்சிப்போட்டு வாங்கோ, அழட்டும். புது ஆளுக்குக் கொப்பியைக் குடுங்கோ. போன வருசம் நான் விட்டிட்டு வந்த வீட்டில நிக்கிற தங்கச்சி ராவில ஒம்பது மணிக்கு எடுத்து "அக்கா, தம்பி பாலைத் தட்டித் தட்டி விடுறான்" எண்டு அழுதாள். மூண்டாம் பக்கத்தைப் பாரு, நீல மூடிச் சூப்பியில குடுத்தாத்தான் குடிப்பான் எண்டன். பத்து நிமிசத்தால குடிச்சிட்டான் எண்டு மெசேஜ் வந்தது.