டுலூத் கப்பல் வரலாற்று மாநாட்டுக்குப் போகிறீர்களா?

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் மாநாடு நடப்பது நவம்பரில். முதலில் நல்ல குளிர்கோட்டு, மற்றதெல்லாம் அப்புறம்.

எல்லா உரைகளையும் கேட்க ஆசைப்படாதீர்கள். மூழ்கிய கப்பலைத் தேடிக் கண்டுபிடித்தவர்களே பேசும் உரை எதையும் மட்டும் விடாதீர்கள். அதற்கு முன்வரிசையில் இடம் பிடியுங்கள். ஒலியலைகளால் நீரடியைப் படமெடுக்கும் சோனார் கருவியின் படங்களைத் திரையில் போடுவார்கள். கப்பல் வெறும் கறைபோலத்தான் தெரியும். அதன் நிழலைப் பாருங்கள். பாய்மரம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறதா என்று நிழல்தான் காட்டிக்கொடுக்கும்.

போகும் முன் இரண்டு விபத்துகளைப் படித்துவிடுங்கள். 1905 நவம்பர் 28 புயலில், ஊரே கரையில் நின்று பார்க்க, டுலூத் கால்வாய் வாயிலில் மட்டாஃபா கப்பல் உடைந்தது. 9 பேர் இறந்தார்கள். 1975 நவம்பர் 10இல் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் சுப்பீரியர் ஏரியில் மூழ்கியபோது அதிலிருந்த 29 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அது ஏன் மூழ்கியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. காபி இடைவேளையில் அந்தப் பேச்சை எடுத்தால் அடுத்த உரையைக் கோட்டைவிட வேண்டியதுதான்!

கண்காட்சி மேசைகளில் விலை கேட்பதைவிட, மரக்கப்பல் ஏன் மட்கவில்லை என்று கேளுங்கள். இந்த நன்னீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு கிடையாது. ஆழத்தில் குளிர் 4 டிகிரி அளவில் இருக்கும். மிச்சிகன் ஏரியில் வேறு கதை: அங்கே குவாகா என்ற சின்னச் சிப்பிகள் கப்பல்களையே போர்த்தி மூடுகின்றன.

நேரமிருந்தால் டுலூத் கால்வாயை ஒட்டிய கனால் பார்க் பகுதியில் உள்ள கப்பல் அருங்காட்சியகத்துக்கு நடந்து போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை.